பதினொன்றாம் எண் துப்பாக்கி

ஆயுத அறையின் கம்பி ஜன்னலுக்கு முன்னால் நின்று தினமும் காலையில் அவர் ஒரே சொல்லைத்தான் சொல்வார். "இலெவன்." வணக்கம் கிடையாது. வெயில், மழை பற்றிய பேச்சு கிடையாது. உள்ளே இருந்த விக் என்ற முதியவர் பதினொன்று என்று ஒட்டப்பட்ட கைத்துப்பாக்கியை எடுத்துத் தட்டில் வைத்துத் தள்ளுவார். வெளியே நிற்பவர் அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். வலது இடுப்பில் உறைக்குள் செருகி, மேலே தொளதொளத்த பருத்திச் சட்டையை இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு யார் பார்த்தாலும் அவர் கீரை வாங்கக் கடைக்குக் கிளம்பிய ஒரு பெண்மணிதான்.

அப்படித் தெரிவதுதான் எங்கள் வேலை. சிட்னியின் மேற்குப் பகுதியில் கிளப்புகளிலும் சிறு கடைகளிலும் இருக்கும் பண இயந்திரங்களுக்குப் பணம் கொண்டுபோவோம். பெரிய தொகை கவச வண்டியில் போகும். மற்றது எங்களைப் போல இரண்டு இரண்டு பேராக, சாதாரண உடையில், சாதாரணக் காரில். இந்த நாட்டில் போலீஸைத் தவிர வேறு யாரும் துப்பாக்கியை மறைத்துக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. எங்களுக்கு வேலை நேரத்தில் மட்டும் அனுமதி. காலையில் நிறுவனம் கொடுக்கும், மாலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வேலையை விட்டால் உரிமமும் அதோடு போய்விடும்.

நான் மதுரையில் ஒரு நாளிதழில் பல வருடம் நீதிமன்றச் செய்திகள் எழுதியவன். மனைவிக்கு இங்கே மருத்துவமனையில் வேலை கிடைத்து, படிக்கும் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தோம். ஐம்பதை நெருங்கும் வயதில் பாதுகாப்பு வேலைக்கான படிப்பை முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். அவர் என்னைவிட நாலைந்து வயது சின்னவர், யாழ்ப்பாணத்துக்காரர், கிரவீன் பகுதியில் மகளோடு இருந்தார். முதல் நாள் நான் அவரை "மேடம்" என்றேன்.

"மேடம் எண்டு கூப்பிட்டா நான் திரும்ப மாட்டன், அண்ணை. ஒரு அவசரத்துக்கு உதவாது."

"அப்ப எப்படிக் கூப்பிடறது?"

"இஞ்சாருங்கோ எண்டு சொல்லுங்கோ. உடன திரும்புவன்."

"அது புருஷன் பொண்டாட்டி கூப்பிட்டுக்கறது இல்லையா?"

"ஓம். அந்த ஆள் விட்டிட்டுப் போய்க் கனகாலம். அந்தச் சொல் சும்மாதான் கிடக்கு, நீங்க பாவியுங்கோ."

கடைசியில் நான் "ஏங்க" என்றே கூப்பிட்டேன். அதற்கும் திரும்பினார்.

எதிலும் மாற்றுக்கு ஒன்று வைத்துக்கொள்ளாதவர் அவர். ஒரு குடை, ஒரு கைப்பை, ஒரு ஜோடிச் செருப்பு. செருப்பு அறுந்தால் அன்றைக்கே புதிது வாங்குவாரே தவிர, வீட்டில் இன்னொன்று இருக்காது. ஒரு முறை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் நின்று மீன் வெட்டிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு மரக்கட்டையில் வரிசையாகச் செருகிய கத்திகள் வாங்கிக் கொடுத்திருந்தாள். பெரியது, சின்னது, பல் வைத்தது என்று விதவிதமானவை. அந்தக் கட்டை பெட்டியோடு கதவருகே இருந்தது, கடைக்குத் திரும்பிப் போவதற்காக.

"சீரியஸ்லி, அம்மா? ஒரு நைஃபை வச்சு ஃபிஷ்ஷும் வெட்டி, ஒனியனும் வெட்டி..." என்றாள் மகள்.

"கழுவிப்போட்டுத்தான் வெட்டுறன்."

"தட்ஸ் நாட் த பாயிண்ட்."

"என்ர விரல் பத்தும் இருக்குதோ, இல்லையோ? எண்ணிப் பார். கை பழகின கத்தி ஆளை வெட்டாது."

மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி உறவுக்காரப் பெண் ஒருத்தி வற்புறுத்தியபோதும் அவர் சொன்ன பதிலை மகள்தான் எனக்குச் சொன்னாள். "எனக்கு விட்டுப் பழக்கம் இருக்கு. மாத்திப் பழக்கம் இல்லை."

பிடிவாதக்காரி என்று சொல்லி முடித்துவிடலாம். நிறுவனத்தில் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அவர் எல்லாவற்றிலும் அப்படி இல்லை. எங்கள் பாதையை அடிக்கடி மாற்றுவார், ஒரே கடைக்கு ஒரே நேரத்தில் போக விடமாட்டார். காரை மாற்றினால் கவலைப்பட மாட்டார். ஒருநாள் நான் கேலியாக, உங்களுக்கு மாற்றமே ஆகாது என்றபோது கோபம் வந்துவிட்டது. "நாடு மாத்தினனான். பாஷை மாத்தினனான். வெள்ளைக்காரன்ர சாப்பாட்டுக்கு வயித்தை மாத்தினனான். எனக்கு மாத்தத் தெரியாதெண்டு சொல்லாதேங்கோ."

பெண்டில் ஹில் தமிழ்க் கடைகளில் அவரைத் தெரிந்தவர்கள் நிறைய. என்ன வேலை என்று கேட்பவர்களும் நிறைய. முருங்கைக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே பதில் சொல்வார்.

"டெலிவரி."

"என்ன டெலிவரி, அக்கா?"

"தாறதைக் கொண்டுபோய்க் குடுக்கிறது."

விஷயம் தெரிந்த ஓரிருவர் வேறு மாதிரிப் பேசினார்கள். ஊரில் துவக்கு தூக்கிய கைதான் இங்கேயும் தூக்குகிறது என்று. அப்படி ஏதாவது இருந்திருந்தால் காவல்துறை அவருக்கு உரிமமே கொடுத்திருக்காது. அதை யாரும் யோசிக்கவில்லை. அவரும் மறுத்துச் சொல்லவில்லை.

அந்த வருடம் எங்களுக்குப் புதிய மேலாளர் வந்தார். டேரன் என்று பெயர், பிரிஸ்பேனிலிருந்து வந்தவர், முன்னாள் போலீஸ்காரர். கெட்டவர் இல்லை. நாங்கள் வெயிலில் வந்தால் தானே போய்த் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார். அவர் இரண்டு விதிகள் கொண்டுவந்தார். முதலாவது, கோடையில் சாதாரண உடையில் போகிறவர்களுக்குச் சின்னத் துப்பாக்கி. மெல்லிய சட்டைக்குள் பெரியது புடைத்துத் தெரிகிறது என்றார். அது இடுப்பின் பக்கவாட்டில் இல்லாமல் முன்பக்கம், வயிற்றையொட்டிய பட்டைக்குள் இருக்கும். குளிர்காலத்தில் பழையபடி பெரியது, வலது இடுப்பில். இரண்டாவது, என்னுடையது உன்னுடையது என்று கிடையாது. அடுக்கில் அடுத்து எது இருக்கிறதோ அதுதான் வரும். எல்லாம் சமமாகத் தேயும். ஒன்று பழுதுபார்க்கப் போனாலும் ஒருவருக்கும் வேலை நிற்காது.

எனக்கு அதில் தவறு தெரியவில்லை. பெரிய துப்பாக்கி உட்காரும்போது விலாவில் குத்தும். சின்னது அப்படி இல்லை. எங்களோடு வேலை செய்த ஃபிஜிக்காரர் ஒருவர், வீட்டுக்கு ஒரு செருப்பு, கடற்கரைக்கு ஒரு செருப்பு, இதில் என்ன சண்டை என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். என் கூட்டாளி மட்டும் சிரிக்காமல் டேரனைப் பார்த்து, "எனக்குப் பதினொன்று போதும்" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சுடும் பயிற்சி மைதானத்தில் டேரன் இதைத் தீர்த்துவிட நினைத்தார். சின்னதை என் கூட்டாளி கையில் கொடுத்துச் சுடச் சொன்னார். அன்று வந்திருந்தவர்களில் மிக நன்றாகச் சுட்டது அவர்தான். அட்டையில் துளைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பதினொன்றைக் கொடுத்தபோதும் அதே மாதிரிதான் சுட்டார். டேரன் இரண்டு அட்டைகளையும் அருகருகே பிடித்துக் காட்டினார்.

"பார். உனக்கு எதைக் கொடுத்தாலும் ஒன்றுதான்."

"சுடுவதற்கு ஒன்றுதான்," என்றார் அவர்.

"வேறு எதற்குத் துப்பாக்கி?"

அவர் காதுக் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். "நான் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து ஒருத்தரையும் சுடவில்லை. இவர்களும் சுடவில்லை. நீங்கள் போலீஸில் இருந்தபோது எத்தனை பேரைச் சுட்டீர்கள்?"

டேரன் ஒருவரையும் இல்லை என்றார்.

"அப்போ நாம் எல்லோரும் பெரும்பாலும் செய்வது சுடாமல் இருப்பது. அதற்குத்தான் எனக்குப் பதினொன்று வேண்டும்."

அங்கே நின்ற யாருக்கும் அது புரிந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கோடை தொடங்கியது. ஜன்னலில் அவர் "இலெவன்" என்றார். விக் தலையை ஆட்டிவிட்டுச் சின்னதில் ஏதோ ஒன்றைத் தள்ளினார். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எடுத்துக்கொண்டார். மறுநாளும் "இலெவன்" என்றார். வராது என்று தெரிந்தும் அந்தக் கோடை முழுவதும் முதலில் அதைத்தான் கேட்டார்.

கோடையின் கடைசியில் ஒரு நாள். பிளாக்டவுன் பக்கம் ஒரு சிறு கடைத்தொகுதி. கார் நிறுத்தும் இடத்தைக் கடந்து பின்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். அவர் முன்னால், இடது கையில் வெளுத்துப்போன காய்கறிப் பை. அதற்குள் பணம். நான் சற்றுப் பின்னால், வலப்பக்கம். கார்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். கட்டட வேலைக்காரர்கள் போடும் பளிச்சென்ற மஞ்சள் மேலங்கி. வலது கை மேலங்கிக்குள் இருந்தது. நேராக அவரை நோக்கி ஓடினான். என் கை என் வயிற்றுப் பக்கம் போனது. அவர் கை வலது இடுப்புக்குப் போனது.

அங்கே ஒன்றும் இல்லை. அவர் கண் கீழே போனது. தன் வயிற்றைப் பார்த்தார், சட்டையைப் பிடித்தார். அவர் நிமிர்ந்தபோது அந்த ஆளின் கை வெளியே வந்துவிட்டது, அவர் நெஞ்சுக்கு நேராக நீண்டுவிட்டது. கையில் சிவப்பும் தங்கமுமாக ஒரு உறை.

"அக்கா! எத்தினை தரம் வீட்ட வந்தனாங்கள். ஆளைப் பிடிக்கேலாமல் கிடக்கு. மகளின்ர சாமத்திய வீடு. கையிலதான் குடுக்க வேணும் எண்டு மனுசி சொன்னவ."

கோயிலில் அவருக்குத் தெரிந்த ஆள். மகளின் மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ் மடங்கிவிடக் கூடாது என்று மேலங்கிக்குள் நெஞ்சோடு வைத்திருக்கிறார். வேலை இடைவேளையில் சாப்பாடு வாங்க வந்தவர், அக்காவைக் கண்டதும் விட்டால் பிடிக்க முடியாது என்று ஓடிவந்திருக்கிறார். அழைப்பைத் தபாலில் போட்டால் மதிப்பில்லை, வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தால் குற்றம். நேரில், கையில் கொடுக்க வேண்டும்.

அவர் அதை வலது கையால் மட்டும் வாங்கினார். இடது கையில் பை இருந்தது, அதைக் கீழே வைக்க முடியாது. "வாறன், கட்டாயம் வாறன். இப்ப அவசரம், தம்பி," என்றார். அந்த ஆளின் முகம் கொஞ்சம் வாடியது. அழைப்பை அக்கா ஒற்றைக் கையால் வாங்கிவிட்டார் என்று பிறகு அந்த ஆளின் வீட்டில் பேச்சு வந்ததாம். தன்னை நோக்கி இரண்டு பேருடைய கைகள் துப்பாக்கியைத் தேடின என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது.

காரில் ஏறியதும் நான் மூச்சு விட்டுவிட்டு, "நல்ல வேளை, ஒண்ணும் ஆகலை" என்றேன்.

"ஆகேல்லையோ? நான் கீழ பாத்தனான். நீங்க காணேல்லையோ?"

"பார்த்தேன்."

"கீழ பாத்தபடியால அவன்ர மூஞ்சையைக் காணேல்லை. தெரிஞ்ச மூஞ்சை, அண்ணை. கோயில்ல கிழமைக்குக் கிழமை காணுற மூஞ்சை. நிமிர்ந்து பாக்கேக்க நெஞ்சில கை நிக்குது. அந்த நேரம் துவக்கு என்ர கையில வந்திருந்தா?"

 அவர் சாலையைப் பார்த்தபடி பேசினார். இவ்வளவு நாளில் முதல் தடவையாக ஊரைப் பற்றிப் பேசினார்.

"ஆக்கள் நினைக்கினம், நான் அங்க துவக்கு தூக்கினனான் எண்டு. நான் தூக்கினது பிள்ளையும் தண்ணிப் பானையும்தான். துவக்குக்கு முன்னால நிண்டு பழக்கம், பின்னால இல்லை. எத்தினை சென்றியில, சோதனைச் சாவடியில நிண்டிருப்பன். துவக்கைக் கனகாலமாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவன் எங்கட மூஞ்சையைப் பாப்பான். முறைப்பான், கத்துவான், ஆனா பாப்பான். புதுசாக் கிடைச்சவன் தன்ர துவக்கைப் பாப்பான். எங்க பிடிக்கிறது, எங்க அமத்திறது எண்டு. அவனுக்குத்தான் நாங்கள் பயம். எந்தப் பக்கத்து ஆள் எண்டு கேக்காதேங்கோ. எல்லாப் பக்கமும் அப்பிடி ஆக்கள் இருந்தவை. கை தேடினா கண் பாக்காது, அண்ணை."

அன்று மாலை அவர் டேரனின் அறைக்குப் போய் நடந்ததைத் தானே சொன்னார். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் சாட்சியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். டேரன் முழுவதையும் கேட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"துப்பாக்கி வெளியே வரவில்லை. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இது நல்ல முடிவாகத்தான் தெரிகிறது. பதினொன்று உன் இடுப்பில் இருந்திருந்தால்? உன் கை சரியான இடத்துக்குத்தானே போனது? அந்த மனிதன் இன்று செத்திருக்கலாம்."

கேள்வி நியாயமானது. அவர் அதற்குத் தயாராக இருந்ததுபோல் உடனே பதில் சொன்னார். "பதினொன்று இருந்திருந்தால் கை போய் அதன்மேல் இருந்திருக்கும். கை அதன் வேலையைப் பார்க்கும், கண் அந்த ஆளைப் பார்க்கும். முகம் தெரிந்திருக்கும். கையை எடுத்திருப்பேன்."

"நிச்சயமாகத் தெரியுமா?"

"தெரியும்."

டேரன் என் பக்கம் திரும்பினார். "நீ என்ன நினைக்கிறாய்?"

நீதிமன்றச் செய்தி எழுதும்போது பார்த்தது வேறு, ஊகித்தது வேறு என்று எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். கை இடுப்புக்குப் போனதைப் பார்த்தேன், கண் கீழே போனதைப் பார்த்தேன் என்றேன். பதினொன்று இருந்திருந்தால் எடுத்திருப்பாரா என்பது எனக்குத் தெரியாது என்றேன். இன்றும் தெரியாது.

வெளியே வந்ததும் அவர் நின்றார். "தெரியாதோ?"

"தெரியாதுங்க."

 "நல்லது. தெரியாததைத் தெரியும் எண்டு சொல்லுற ஆளைப் பக்கத்தில வச்சிருக்கேலாது."

அடுத்த நாள் ஜன்னலில் "இலெவன்" என்றார். விக் வேறொன்றைத் தள்ளினார். அவர் தட்டைத் திருப்பித் தள்ளினார். விக் மறுபடி தள்ளினார். அவர் மறுபடி. பிறகு நடைவழியில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். வேலை முடியும் நேரம்வரை அங்கேயே இருந்தார். மறுநாளும் அதேதான். மதியத்தில் டப்பாவைத் திறந்து புட்டும் கத்தரிக்காயும் சாப்பிட்டார். டேரன் அவர் கால்களைத் தாண்டித் தாண்டி நடக்க வேண்டியிருந்தது. கொடுத்ததை எடு, அல்லது துப்பாக்கி இல்லாத வேலைக்குப் போ என்று டேரன் எழுத்திலேயே கொடுத்தார். ஷாப்பிங் சென்டர் வாசலில் சீருடையில் நிற்கும் வேலை. அதற்குப் போனால் உரிமமும் போய்விடும். அவர் அந்தத் தாளை மடித்து நாற்காலியின் ஆடும் காலுக்குக் கீழே வைத்தார்.

என்னோடு அந்த ஃபிஜிக்காரரை அனுப்பினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், தோள் நிறையச் சதை. அவர் கையில் காய்கறிப் பையைப் பார்த்தவர்கள் திரும்பி ஒருமுறை பார்த்தார்கள். இரண்டு கடைக்காரர்கள், "எங்கே உன் மிஸ்ஸஸ்? சண்டையா?" என்று என்னைக் கேட்டார்கள். டேரனுக்கும் இது தெரிந்தது. அந்த வேலைக்கு அந்தப் பெண்மணியைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார்.

ஒரு நாள் காலையில் டேரனே ஜன்னலுக்குப் பக்கத்தில் காத்திருந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"சரி, நீ ஜெயித்துவிட்டாய்," என்றார். "பதினொன்று உனக்கு. கோடை, குளிர், எல்லா நாளும். மற்றவர்களுக்கு விதி விதிதான். வெளியே சொல்லிக்கொண்டு திரியாதே."

விக் பதினொன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். அவர் கையை நீட்டவில்லை.

"இவருக்கு?" என்று என்னைக் காட்டினார்.

"இவர் கேட்கவில்லையே."

அவர் என் பக்கம் திரும்பினார். "அண்ணை, கேளுங்கோ."

அப்படி ஒரு இடத்தில் என்னை நிறுத்துவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எனக்கு எந்தத் துப்பாக்கியோடும் ஒட்டுதல் இல்லை. ஆனால் கார் நிறுத்தும் இடத்தில் என் கையும் போனதே, அது எங்கே போனது, நான் எதைப் பார்த்தேன் என்று அதற்குப் பிறகு யோசித்துப் பார்த்திருக்கிறேன். அந்த மஞ்சள் மேலங்கி நினைவில் இருக்கிறது. முகம் நினைவில் இல்லை.

"எனக்கு ஏழு வேண்டும்," என்றேன். அந்த வாரம் அடிக்கடி எனக்கு வந்தது அதுதான்.

டேரன் சிரித்துவிட்டார், கோபச் சிரிப்பு. "உனக்கு ஒன்று, இவனுக்கு ஒன்று, அப்புறம் எல்லோருக்கும் ஒவ்வொன்று. ஒருவனுடையது பழுதுபார்க்கப் போனால் அவன் என்ன செய்வான்?"

"வீட்டில் இருப்பான்," என்றார் அவர்.

"வண்டி எப்படி ஓடும்?"

"ஓடாது. இவர் என் பின்னால் நடக்கிறார். என் முதுகுக்கு இவர் கண்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் இவர் தன் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தால் என் கையில் பதினொன்று இருந்து என்ன?"

"முடியாது," என்றார் டேரன். "உனக்கு மட்டும். இதுதான் கடைசி."

தட்டில் பதினொன்று இருந்தது. எத்தனையோ காலை அவர் கேட்டுக் கிடைக்காதது, கைக்கெட்டும் தூரத்தில். அவர் அதை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். சட்டையைத் தூக்கி, இடுப்பு வாரைக் கழற்றி, காலி உறையை உருவிக் கைப்பைக்குள் போட்டார். அது அவர் தன் காசில் வாங்கியது. அடையாள அட்டையைத் தட்டில், துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்துத் தள்ளினார். விக் எதை எடுப்பது என்று தெரியாமல் நின்றார்.

"யோசித்துச் செய்," என்றார் டேரன். குரல் தணிந்திருந்தது. "உரிமம் போனால் மறுபடி வாங்குவது சுலபமில்லை."

"உங்கள் விருப்பத்துக்கு வைத்திருக்கும் உரிமம் எனக்கெதற்கு?"

வாசலில் என்னைக் கடக்கும்போது நின்று, "நீங்க தாறதை எடுங்கோ, அண்ணை. பிள்ளையள் படிக்குதுகள். ஆனா எடுத்தவுடன காருக்கு ஓடாதேங்கோ. அது எங்க இருக்குதெண்டு கைக்குச் சொல்லிப்போட்டுப் போங்கோ," என்றார்.

விதி மாறவில்லை. நான் கொடுத்ததை எடுத்துக்கொண்டு இன்னும் சில மாதம் அங்கே வேலை பார்த்தேன். தினமும் காரில் ஏறுமுன் ஒரு ஓரமாக நின்று கையை வயிற்றுக்கோ இடுப்புக்கோ, துப்பாக்கி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். ஃபிஜிக்காரர் எனக்கு வயிற்றுவலி என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தார். பிறகு நானும் அந்த வேலையை விட்டேன். என் பழைய கூட்டாளி வீட்டை மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது பரமட்டாவில். பஸ் நிறுத்தத்தில் கதவு திறந்தது. ஓட்டுநர் இருக்கையில் அவர், சீருடையும் கறுப்புக் கண்ணாடியுமாக. நான் படியில் ஒரு காலோடு நின்றுவிட்டேன்.

"ஏறுங்கோ, அண்ணை. பின்னால ஆக்கள் நிக்கினம்."

ஏறி முன்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கிளம்ப இன்னும் சில நிமிடம் இருந்தது. மகளைப் பற்றிக் கேட்டேன், வேலைக்குப் போகிறாள் என்றார். பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தினமும் இதே பஸ்தானா?"

"இல்லை. டிப்போவில எது நிக்குதோ அது. இண்டைக்கு இது, நாளைக்கு வேற."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சிரியுங்கோ. இது வேற. எடுக்க முதல் நான் கதிரையைச் சரியாக்குவன். கண்ணாடி எல்லாத்தையும் எனக்கெண்டு திருப்புவன். பிரேக்கை மிதிச்சுப் பாப்பன். எது எங்க எண்டு கைகாலுக்கு விளங்கின பிறகுதான் வெளிய எடுப்பன். பஸ்ஸுக்கு அந்த நேரம் இருக்கு. ஓடி வாறவனுக்கு முன்னால ஆர் அண்ணை எனக்கு நேரம் தந்தது?"

"அவசரப்படுத்த மாட்டாங்களா?"

"படுத்தாமல்? போன கிழமை டிப்போ அதிகாரி ஒருத்தர் ஜன்னல்ல தட்டி, பின்னால பஸ்ஸுகள் நிக்குது, நேரம் போச்சு, கண்ணாடியைப் பிறகு பாரும், எடும் எண்டார்."

"எடுத்தீங்களா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். மேலே இருந்ததில் பார்த்தார். கதவை மூடினார்.

"கண்ணாடி சரியாகும்வரைக்கும் எல்லாரும் நிண்டவை," என்றார். "அவரும் நிண்டவர்."